லட்சுமி ஏன் நொண்டுகிறாள்?

"என்னங்க... லட்சுமி நொண்டுறா!"

விடியற்காலை ஐந்தரை மணி. பாதித் தூக்கத்தில் புரண்டு படுத்தபடி, "வயசானா அப்படித்தான். முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்லு" என்றேன்.

பக்கத்து அறையில் யாரோ கனைத்தார்கள். என் மாமியார். அவர் பெயரும் லட்சுமிதான்!

"நான் மாட்டைச் சொன்னேன்" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றைக்கு எனக்குக் காபி வரவில்லை. அது போகட்டும். விஷயம் காபியைவிடப் பெரியது.

முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் மேய்த்துவிட்டு, ரிட்டயரானதும் மாடு மேய்க்கலாம் என்று சொந்த ஊருக்கு வந்தவன் நான். கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையம் பக்கம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். சுற்றிலும் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி. லட்சுமியை ஐப்பசியில் நிறைசினையாக வாங்கினோம். ஜெர்சி கலப்பு. விலை 62 ஆயிரம். அந்தப் பணத்துக்காக மனைவியின் செயின் பாங்க்கில் அடகுக்குப் போனது. அதாவது, கழுத்தில் இருந்தது லாக்கருக்குப் போய், கொட்டகைக்கு மாடு வந்தது.

மார்கழியில் கன்று போட்டாள். காலையும் மாலையும் சேர்த்து 12 லிட்டர் கறந்தது. சொசைட்டியில் என்னை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். பங்குனி கடைசியில்தான் இந்த இடி.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். வலது பின்னங்காலை ஊன்றுவதும் எடுப்பதுமாக, சுடுகிற தோசைக்கல்லில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். நடக்கவிட்டால் தாங்கித் தாங்கி நடந்தாள். தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் பால் 7 லிட்டர்.

டீக்கடை மருத்துவமனை

நம் ஊரில் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டருக்கு முன்னால் டீக்கடைதான் வைத்தியம் பார்க்கும். ஃபீஸ் கிடையாது. ஆனால், டீக்காசு நாம்தான் கொடுக்க வேண்டும்.

"கண்ணு பட்டிருக்குது சார். பன்னெண்டு லிட்டர்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றார் ஒருவர்.

"முள்ளு குத்தியிருக்கும். கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்துங்க."

"மண்ணெண்ணெய் எங்க கெடைக்குது இப்போ? பழைய இன்ஜின் ஆயில் ஊத்து."

"கோமாரியா இருந்தா? மொதல்ல அதைப் பாரு!"

"எதுவா இருந்தா என்ன, சப்பையில ரெண்டு சூடு இழுத்தா எந்திரிச்சு ஓடும்!"

இந்தக் கடைசி ஆளைப் பார்த்து எனக்கு உடம்பு நடுங்கியது. அவருக்குக் கால் வலித்தால் அவர் வீட்டில் என்ன செய்வார்களோ!

ஆனால், கோமாரி என்ற வார்த்தை மட்டும் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கால் காணை, வாய்க் காணை என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். 2013-ல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அது ஆடிய ஆட்டத்தை மாடு வைத்திருந்த யாரும் மறந்திருக்க முடியாது.

வீட்டுக்கு ஓடிவந்து லட்சுமியின் வாயைத் திறந்து பார்த்தேன். (அவளுக்கு இது பிடிக்கவில்லை. என் விரலுக்கும்தான்.) கோமாரி என்றால் கடுமையான காய்ச்சல் அடிக்கும், எச்சில் நூல்நூலாக ஒழுகும், நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் வந்து உடையும், குளம்பு இடுக்கில் புண் வைக்கும், ஒரு மாட்டோடு நிற்காமல் பக்கத்து மாடுகளுக்கும் தாவும். லட்சுமிக்கு வாய் சுத்தமாக இருந்தது. குளம்பு இடுக்கும் சுத்தம். காதில் மஞ்சள் வில்லை இருந்தது. 12 இலக்க எண், மாட்டு ஆதார்! தடுப்பூசியும் போட்டாயிற்று. கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மாட்டுத் தரகர். இவருக்கு மட்டும் யார் தந்தி கொடுக்கிறார்களோ தெரியவில்லை!

லட்சுமியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையை மூடினார். சந்தையில் பேசுகிற விரல் பாஷை. உள்ளே என் விரல்களை அழுத்தியதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாயாலேயே சொல்லிடுங்க" என்றேன்.

"பதினெட்டு. இன்னைக்கே ஏத்திக்கினு போயிடறேன்."

"எங்கே?"

"அது எதுக்கு சார் உங்களுக்கு?"

அடிமாட்டு விலை என்பதைக் கதைகளில் படித்திருக்கிறேன். என் வாசலில் நின்று கேட்டது அன்றுதான். மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தொட்டுவிட்டுப் போனாள். கொட்டகையில் கன்று கத்தியது.

"நாளைக்குச் சொல்றேன்" என்று தரகரை அனுப்பிவிட்டேன்.

துப்பறியும் டாக்டரம்மா

மறுநாள் காலை அரசு கால்நடை மருந்தக டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என் மகள் வயது இருக்கும். மாட்டின் கிட்டேயே போகவில்லை.

"ஓட்டிக்கிட்டு நடங்க சார். நான் பக்கவாட்டிலிருந்து பார்க்கணும்."

நான் முன்னால், லட்சுமி பின்னால். வேப்பமரம் வரை போய்த் திரும்பினோம்.

"காலை அப்புறம் பார்க்கலாம். முதல்ல முதுகைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். வில் மாதிரி வளைந்திருந்தது. இதற்கு மார்க் போடும் முறையே இருக்கிறதாம். 1997-ல் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் வகுத்தது. நின்றாலும் நடந்தாலும் முதுகு நேராக இருந்தால் 1 மார்க். நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது வளைந்தும் இருந்தால் 2. இரண்டிலும் வளைந்தால் 3. ஏதாவது ஒரு காலைத் தாங்கினால் 4. ஊன்றவே மறுத்தால் 5. வாழ்க்கையில் முதல்முறையாக மார்க் குறைவாக வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை!

"உங்க மாடு 4 சார். 2-லயே கூப்பிட்டிருக்கணும். மாடு நொண்ட ஆரம்பிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே முதுகு சொல்லிடும். நாமதான் மடியை மட்டும் பார்த்துக்கிட்டிருக்கோம்."

காலைத் தூக்க ஆள் வேண்டும். ஊரில் ஒரே ஒரு லாடக்காரர் இருக்கிறார். ஒரு காலத்தில் கரும்பு வண்டி மாடுகள் அவர் முன்னால் க்யூவில் நிற்கும். குதிரைக்கு நாலு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் எட்டு. அந்தக் காலம் டிராக்டரோடு போய்விட்டது. கயிறும் கத்தியும் மட்டும் அவரிடம் மிச்சம். வந்து, கொட்டகை உத்திரத்தில் கயிற்றைப் போட்டு, லட்சுமிக்கே தெரியாத மாதிரி அவள் காலைத் தூக்கிக் கட்டினார். "ம்மா... ஒண்ணும் இல்லடா" என்று ஒரு தட்டு. அவள் நின்றுவிட்டாள்.

டாக்டரம்மா குளம்பைக் கழுவினார். விரலை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு, தொடுங்க." சூடாகத்தான் இருந்தது. குளம்பு முன்பக்கம் அளவுக்கு மேல் வளர்ந்து, பாயின்ட் ஷூ மாதிரி நீண்டிருந்தது. கத்தியால் அடிப்பாகத்தை மெல்ல மெல்லச் சீவினார். வெளிப்பக்கக் குளம்பில், குதிகால் பக்கம், வெள்ளைக் கொம்புக்கு நடுவே ரத்தம் கலந்த சிவப்பு. இன்னும் கொஞ்சம் சீவியதும் சதை தெரிந்தது. பட்டாணி அளவுப் புண்.

"முள்ளு எங்கம்மா?" என்றேன்.

"முள்ளே இல்லை. இது உள்ளேயிருந்து வெளியே வந்த புண்" என்றவர், கத்தியைத் துடைத்தபடி கேட்டார்: "ஒரு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உங்க வீட்டுல என்ன விசேஷம் சார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜோசியம்கூடப் பார்ப்பாரோ?

"தை மாசம்... பெண்ணுக்குக் கல்யாணம்."

"சாப்பாடு மீந்ததா?"

மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீந்தது. நிறைய மீந்தது. ஒரு அண்டா சோறு, சாம்பார், கொஞ்சம் பாயசம்கூட. 'வாயில்லா ஜீவன், அதுவும் கல்யாணச் சாப்பாடு சாப்பிடட்டுமே' என்று ஆசை ஆசையாக வைத்தது சாட்சாத் நான்தான். மறுநாள் லட்சுமி அசை போடவில்லை, கழிச்சல் வேறு. கல்யாணக் களைப்பு எங்களுக்கு. அவளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். மூன்றாம் நாள் சரியாகிவிட்டாள்.

"சரியாகலை சார். வயிறு சரியாச்சு. கணக்கு காலுக்குப் போயிடுச்சு."

வயிற்றில் போட்டது காலில் தெரியும்

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

மாட்டின் பெரிய வயிறு ஒரு புளிக்கவைக்கும் பானை. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். புல்லையும் வைக்கோலையும் மெதுவாகப் புளிக்கவைத்து மாட்டுக்குச் சாப்பாடாக்கிக் கொடுப்பது அவைதான். திடீரென்று ஒரு அண்டா சோறு போனால் அந்த மாவு அவசரமாகப் புளிக்கிறது. பானை அமிலமாகிவிடுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அவற்றின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் எங்கேயெல்லாம் போகிறதோ அங்கேயெல்லாம் நச்சும் போகும். முதலில் அடிவாங்குவது குளம்புக்குள் இருக்கும் முடி போன்ற மெல்லிய ரத்தக் குழாய்கள். அங்கே சதை வீங்குகிறது. குளம்போ இரும்புப் பெட்டி மாதிரி. வீங்க இடம் கிடையாது. நகக்கண்ணில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினால் எப்படித் தெறிக்கும்? அதை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இதற்கு லேமினைட்டிஸ் என்று பெயர்.

அதோடு முடியவில்லை. குளம்புக்குள் இருக்கும் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் பிணைப்பு தளர்ந்து, எலும்பு கொஞ்சம் கீழே இறங்கிவிடுகிறது. (கன்று போட்ட நேரத்தில் அந்தப் பிணைப்பு இயல்பாகவே தளர்ந்திருக்குமாம்.) நானூறு கிலோ மாடு ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த எலும்பு சதையைத் தரையோடு நசுக்குகிறது. அங்கே கசிந்த ரத்தம், வளரும் கொம்போடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கி வருகிறது. குளம்பு மாசத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். அடிக்குளம்பின் கனத்தைக் கடந்து வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டு மாசம் ஆகும்.

ஆக, குளம்பு என்பது மாட்டின் டைரி. தை மாசம் நான் செய்த தப்பைப் பங்குனியில் படித்துக் காட்டிவிட்டார் டாக்டரம்மா!

"தினமும் என்ன தீவனம் போடறீங்க?" என்று அடுத்த கேள்வி.

அங்கேயும் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கு விளைகிறது. சின்னசேலம், ஆத்தூர் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள். அங்கே மாவு எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, திப்பி. மலிவாகக் கிடைக்கிறதே என்று கூடை கூடையாகப் போட்டு வந்தேன். சக்கை என்றுதான் பெயர். உள்ளே மாவு நிறைய இருக்கும். கொஞ்சமாகக் கொடுத்தால் நல்ல தீவனம்தான். புல்லையும் வைக்கோலையும் குறைத்துவிட்டு அதையே வயிறு நிறையக் கொடுத்தால் தினமும் ஒரு குட்டிக் கல்யாண விருந்து!

மூன்றாவது குற்றச்சாட்டு, தரை. 'மாடு சுத்தமா இருக்கட்டும்' என்று கொட்டகைக்கு சிமென்ட் போட்டிருந்தேன். மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். கட்டாந்தரையில் அது படுக்க யோசிக்கும், நின்றுகொண்டே இருக்கும். நிற்க நிற்க அதே புண்ணில் பாரம்.

"கெடுதல் நினைச்சு யாரும் மாட்டைக் கெடுக்கறதில்லை சார். பாசத்துலதான் கெடுக்கறாங்க" என்றார் டாக்டரம்மா. நான் லட்சுமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மரச்செருப்பு

வைத்தியம் அரை மணி நேரம்தான். நீண்ட குளம்பை வெட்டிச் சமப்படுத்தினார். முன்பக்க நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர் இருந்தால் போதுமாம். புண்ணைச் சுற்றி இருந்த செத்த கொம்பைச் சீவி எடுத்தார். அப்புறம் ஒரு வேடிக்கை செய்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கட்டை ஒன்றை எடுத்து, புண் இருந்த குளம்பில் இல்லை, பக்கத்தில் இருந்த நல்ல குளம்பில் பசை வைத்து ஒட்டினார்!

"தப்பான கால்ல..." என்று ஆரம்பித்தேன்.

"யோசிங்க சார். ஒரு காலுக்கு ரெண்டு குளம்பு. நல்ல குளம்பை ஒரு கட்டை உயரத்துக்குத் தூக்கிட்டா புண்ணு குளம்பு தரையைத் தொடாது. ஓய்வு கிடைக்கும். தானா ஆறும்."

லாடக்காரர் வாயைப் பிளந்தார். "நாப்பது வருசமா எட்டு லாடம் அடிச்சிருக்கேன். இந்த ஒத்த லாடம் எனக்குத் தோணலையே!"

வலிக்கு ஊசி போட்டார். நான் கெட்டிக்காரத்தனமாக, "டைக்ளோஃபெனாக் மாத்திரை எங்கிட்டயே இருக்கு, கொடுத்துடவா?" என்றேன். முறைத்தார். அந்த மருந்து கொடுத்த மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால், மாட்டுக்கு அதைக் கொடுப்பதை 2006-லேயே இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023-ல் தடை. மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் கழுகுக்கு ஆபத்தில்லாதவை. அதையும் டாக்டர்தான் போட வேண்டும். நம் வீட்டு மாட்டின் கால்வலிக்கும் வானத்துக் கழுகுக்கும் முடிச்சு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மாலையில் தரகர் வந்தார். "இருபதா வச்சுக்கலாமா சார்?"

"மாடு செருப்பு போட்டுக்கிட்டிருக்கு. இப்ப வெளியில வராது" என்று பதில் சொன்னது நானில்லை. என் மாமியார்!

மலை மேலே...

சித்திரையில் லட்சுமி நன்றாக ஊன்ற ஆரம்பித்ததும் கல்வராயன் மலைக்கு ஒரு நடை போனேன். வெள்ளிமலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மலைவாசிக் கவுண்டர் ஒருவர் இருக்கிறார். புளி விற்க வரும்போது பழக்கம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்தபடி பாதை ஏறுகிறது. கோமுகி என்றால் பசுவின் முகம். முகத்தைப் பார்த்து ஆற்றுக்கே பெயர் வைத்துவிட்டோம். காலைக் குனிந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை!

மலைமேல் நாட்டு மாடுகள். சின்ன உடம்பு, கறுத்த, கெட்டியான குளம்பு. நாளெல்லாம் சரிவில் ஏறி இறங்கி மேய்வதால் குளம்பு தானே தேய்ந்து அளவாக நிற்கிறது. கத்தியும் வேண்டாம், கட்டையும் வேண்டாம்.

"உங்க மாடு நொண்டவே நொண்டாதா கவுண்டரே?"

"ஏன் நொண்டாது? கல்லு இடுக்குல மாட்டும். முள்ளு ஏறும். மழைக்காலத்துல சேத்துல நின்னு குளம்பு இடுக்கு அழுகிப்போகும். அதெல்லாம் பாத்துக்கலாம் சார்..." என்றவர் சற்று நிறுத்தினார். "கோமாரிதான் சார். அது மலையில பொறக்கல. சந்தையிலேருந்து நாமதான் கயித்துல கட்டி இட்டுக்கினு வர்றோம்."

சில வருஷங்களுக்கு முன் கீழே சந்தையில் ஒரு உழவு மாடு வாங்கி வந்தாராம். வரும்போதே லேசாக எச்சில் ஒழுகியது. நடந்த களைப்பு என்று நினைத்து மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஒரே வாரத்தில் பட்டி முழுக்கக் கோமாரி. பெரிய மாடுகள் வாயும் காலும் புண்ணாகி, வைத்தியத்தில் தப்பித்தன. ஆனால், கன்றுகள்?

"ராத்திரி பால் குடிச்சுட்டுப் படுத்துது. வாயில ஒரு புண்ணு கெடையாது. காலையில ரெண்டும் எந்திரிக்கல."

அந்த வைரஸ் இளங்கன்றுகளின் இதயத் தசையையே தாக்கும் என்பதை டாக்டரம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தார். புண் வருவதற்கு முன்னாலேயே கன்று விழுந்துவிடும். கவுண்டரிடம் அதை நான் சொல்லவில்லை. அவர் கண் கட்டுத்தறியில் இருந்தது. அங்கே இரண்டு முளைக்குச்சிகள் வெறுமையாக இருந்தன. பிடுங்காமலே வைத்திருக்கிறார்.

"இப்பல்லாம் புது மாடு வந்தா மூணு வாரம் அந்தப் புளியமரத்துல தனியாத்தான் கெடக்கும். தண்ணிப் பானையும் தனி. அதைப் பாத்துட்டு வர்ற ஆளு காலைக் கழுவாம பட்டிக்குள்ள வரக் கூடாது. ஊசி போடறவங்க ஐஸ் பொட்டியைத் தூக்கிக்கினு வர்ற அன்னிக்கு ஒரு மாட்டைக்கூட மேய்ச்சலுக்கு விடறதில்ல."

அந்த ஐஸ் பெட்டி முக்கியம். கோமாரித் தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சமவெளியில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மலைப்பாதையில் வெயிலில் ஐஸ் கரையும் முன் கடைசிக் குடிசைக்குப் போய்ச் சேர்வது ஒரு தனி ஓட்டப்பந்தயம்.

1898-ல் ஜெர்மனியில் லோஃப்ளர், ஃப்ராஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவைவிடச் சின்னது என்று நிரூபித்தார்கள். விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என்று உலகம் முதன்முதலில் கண்டுபிடித்ததே இதைத்தான். 2001-ல் இங்கிலாந்தில் கோமாரி வந்தபோது அதை நிறுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள். நம்மால் அது முடியுமா? ஊசிதான் நமக்கு வழி. 2019 செப்டம்பரில் மத்திய அரசு 13,343 கோடி ரூபாயில் ஆரம்பித்த கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி இலவசம் என்று ஆனது. கன்றுக்கு நாலு மாசம் ஆனதும் ஆரம்பிக்க வேண்டும். "ஊசி போட்டா பால் குறையும்" என்று மாட்டை ஒளித்துவைக்கிற புத்திசாலிகள் எங்கள் ஊரிலும் உண்டு. இரண்டு நாள் அரை லிட்டர் குறையலாம். அதற்குப் பயந்தால் கவுண்டர் வீட்டு முளைக்குச்சிகளை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மாடு வைத்திருக்கிறீர்களா? இதைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்!

* வாரம் ஒருமுறை மாட்டை நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு வளைந்தால், தலை ஆடினால், டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

* எல்லா நொண்டலும் குளம்பு நொண்டல் அல்ல. தொடை வீங்கி, தொட்டால் நறநற என்று சத்தம் வந்து, கடும் காய்ச்சலும் இருந்தால் சப்பை நோயாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டல் மாறினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் டாக்டர்தான்.

* விருந்து மிச்சம், பழைய சோறு, திப்பி, மாவு எதுவும் திடீரென்று அதிகமாக வேண்டாம். தீவனத்தை மாற்றுவதானால் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் வைக்கோல், புல், பிறகுதான் மற்றது. தெரியாமல் தின்றுவிட்டால், நொண்டும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

* வருஷத்துக்கு இரண்டு தடவை குளம்பு வெட்டிவிடுங்கள். சிமென்ட் தரை என்றால் படுக்க ரப்பர் பாயோ மண் மேடையோ போடுங்கள். சாணியும் மூத்திரமும் தேங்கக் கூடாது.

* மாடுகள் அதிகம் உள்ளவர்கள், 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் என்ற கணக்கில் கரைத்து, மாடுகள் காலை நனைத்துக்கொண்டு போகிற மாதிரி தொட்டி வைக்கலாம். குடிக்கவிடக் கூடாது, விஷம். மிஞ்சியதை ஓடையில் கொட்டவும் கூடாது.

* கோமாரிப் புண்ணுக்கு நாட்டு வைத்தியமும் கை கொடுக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிய முறை இது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகளோடு பூண்டும் மஞ்சளும் சேர்த்து அரைத்து, எண்ணெயில் காய்ச்சி, கழுவித் துடைத்த கால் புண்ணில் தடவலாம். வாய்ப் புண்ணுக்குச் சீரகம், மிளகு, வெந்தயம் ஊறவைத்து அரைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்து நாக்கில் தடவிக் கொடுக்கலாம். இது புண் ஆற உதவும். தடுப்பூசிக்குப் பதில் ஆகாது.

* அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு மாதிரி பெரிய விவகாரம் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தலைவாசல் கூட்டுரோடு தூரமில்லை. 2021 பிப்ரவரியில் திறந்த கால்நடை ஆராய்ச்சி நிலைய வளாகமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கின்றன.

கடைசியாக...

ஆறு வாரத்தில் மரச்செருப்பைக் கழற்றினார்கள். லட்சுமியின் முதுகு இப்போது நேர்கோடு. பால் 12-க்குத் திரும்பவில்லை, 10-ல் நிற்கிறது. அந்த இரண்டு லிட்டரும் நான் கொடுத்த கல்யாண விருந்துக்கு ஃபைன். செயின் இன்னும் பாங்க்கில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் தவறாமல் கட்டுகிறோம். ஆனால், கொட்டகையில் மாடு இருக்கிறது. கயிறு மட்டும் தொங்கவில்லை.

தரகர் போன வாரம் தெருவில் பார்த்தார். "மாடு எப்படி சார்?" என்று கேட்டார். நடந்து காட்டச் சொன்னேன், லட்சுமியை. அவர் தலையாட்டிக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நேற்று விடியற்காலை மறுபடியும் மனைவியின் குரல்: "என்னங்க... லட்சுமி நொண்டுறா!"

நான் பாய்ந்து எழுந்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். முதுகைப் பார்த்தேன். காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லையே!

வாசலில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் எங்க அம்மாவைச் சொன்னேன்!"

அன்றைக்கும் காபி வரவில்லை.